மாதாவுக்கு மட்டும்

உர்சுலாவின் போனுக்குப் பூப்படம் போட்ட காலை வணக்கம் வராது. சமையல் குறிப்பு வராது. யாருடைய பிள்ளை தவழும் வீடியோவும் வராது. வருவதெல்லாம் மன்றாட்டுதான். மகளுக்கு இந்தத் தடவையாவது கரு தங்க வேண்டும். வீவக அடுக்குமாடி வீட்டுக் குலுக்கலில் நல்ல எண் விழ வேண்டும். மாமியார் ஊருக்குத் திரும்ப வேண்டும், அந்த மனசை மாதாதான் அவருக்குக் கொடுக்க வேண்டும். கணவர் அந்த இன்னொருத்தியை மறக்க வேண்டும். எல்லாவற்றின் கடைசியிலும் ஏறக்குறைய ஒரே வரி இருக்கும்: "ஆண்டி, இது மாதாவுக்கு மட்டும்."

மாதாவிடம் போன் இல்லாததால் உர்சுலாவிடம் வந்தது, அவ்வளவுதான்.

கோவிட் வந்து கோயிலைப் பூட்டியபோது, மாதா சுரூபத்தின் காலடியில் இருந்த மன்றாட்டுப் பெட்டிக்கும் பூட்டு விழுந்தது. தாளில் எழுதிப் போட வழியில்லாமல் சனம் தவித்தது. அப்போதுதான் ஃபாதர் இயேசுதாசன் இணையத்தில் நடத்திய தமிழ்ப் பூசையின் முடிவில் உர்சுலாவின் நம்பரை அறிவித்தார். மரியாயின் சேனை செபக்குழுவில் நெடுநாள் இருப்பவர், வம்பு பேசாதவர் என்று சொல்லி அறிவித்தார். வம்பு பேச அவளுக்கு ஆளே இல்லை என்பதுதான் உண்மைக் காரணம். அதை ஃபாதர் சொல்லவில்லை. பிறகு கோயில் திறந்தது, பெட்டியும் திறந்தது. ஆனால் சோபாவில் சாய்ந்தபடி மன்றாடிப் பழகிய விரல்கள் தாளுக்குத் திரும்பவில்லை.

உர்சுலாவுக்கு வயது ஐம்பத்தேழு. லிட்டில் இந்தியாவில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் வேலை. கல்யாணம் கூடி வரவில்லை. கூடி வராததைப் பற்றிப் பேசவும் இப்போது யாரும் மிச்சமில்லை. அம்மா இருந்தவரை புக்கிட் பாத்தோக்கில் நாலறை வீட்டில் இருந்தாள். அம்மா போன பிறகு வீட்டை விற்று, அண்ணன் தன் பங்கை எடுத்துக்கொண்டு பெர்த்துக்குப் போய்விட்டான். அவள் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு ஈரறை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அண்ணன் கிறிஸ்மசுக்குக் கூப்பிடுவான், அங்கே வெயில் எப்படி என்று சொல்லிவிட்டு வைப்பான்.

தினமும் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றுவாள். போனை எடுத்து அன்றைய மன்றாட்டுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசிப்பாள். பிறகு ஒரு செபமாலை. அனுப்பியவருக்கு 'செபிக்கிறேன்' என்று ஒரு வார்த்தை, கூப்பிய கை ஒன்று.

அவளாக வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. மன்றாட்டு பலித்து, 'நன்றி ஆண்டி, கிடைத்துவிட்டது' என்று செய்தி வந்தால், அந்தப் பழைய செய்தியை அழித்துவிடுவாள். மாதா முடித்துக்கொடுத்த காரியத்தை இன்னும் கையில் வைத்துக்கொண்டிருப்பது மாதாவை நச்சரிக்கிற மாதிரி என்பது அவள் எண்ணம். அதனால் அவள் போனில் மிஞ்சி இருந்தவை எல்லாம் பலிக்காத மன்றாட்டுகள். வருடக்கணக்கில் அவை அங்கேயே கிடந்தன.

எல்லாவற்றுக்கும் மேலே, பின் குத்தி வைத்த மாதிரி நகராமல், அவள் தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட செய்தி ஒன்று இருந்தது. மற்றவர்கள் அனுப்புகிற மாதிரியே தானும் அனுப்பினால்தான் முறை என்று நினைத்து, மூன்று வருடத்துக்கு முன்னால் தன் பிறந்தநாள் மாலையில் அதை எழுதினாள். "மாதாவே, யாராவது ஒருத்தர் என்னைப் பார்த்து, சாப்டியா உர்சுலான்னு கேக்கணும். செபம் கேக்கறதுக்கு முன்னாடி ஒப்புக்குக் கேக்கறது இல்ல. சும்மா கேக்கணும்."

தினமும் கடைசியாக வாசிப்பது அதைத்தான். அதை மட்டும் மெல்ல வாசிப்பாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது பாருங்கள்.

ஒரு நாள் கிளினிக்கில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு அழைப்பு வந்தது. "மேடம், நான் போலீஸ்லேர்ந்து பேசறேன்," என்றது ஒரு குரல், நல்ல தமிழில். உர்சுலா உடனே வைத்துவிட்டாள். லிஃப்ட் பக்கத்தில், பேருந்து நிறுத்தத்தில், மார்க்கெட்டில், எங்கு பார்த்தாலும் ஒட்டியிருக்கிறார்களே, போலீஸ் என்று சொல்லிப் போன் வந்தால் வைத்துவிடு என்று. மறுபடி வந்தது. மறுபடி வைத்தாள். மூன்றாவது தடவை அந்தக் குரல் அவசரமாகச் சொன்னது: "வைக்காதீங்க ஆண்டி! நீங்களே ஸ்டேஷன் நம்பருக்குப் போன் பண்ணி, இன்வெஸ்டிகேஷன் ஆபீசர் அஃப்னான் வேணும்னு கேளுங்க."

கேட்டாள். அதே குரல்தான் வந்தது. மோசடிக்காரனாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி என்று அவளுக்குப் பட்டது.

"உங்கமேல ஒண்ணும் இல்ல ஆண்டி. நீங்க விட்னஸ் மட்டும்தான். டெரன்ஸ்னு ஒரு பையனைத் தெரியுமா?"

தெரியும். கோயில் பாடகர் குழுவில் பாடும் மிரண்டாவின் மகன். ராணுவத்தில் கட்டாய தேசிய சேவை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவன்.

"அவன் பேங்க் அக்கவுண்ட் வழியா ஸ்கேம் பணம் போயிருக்கு. தெரியாம மாட்டிக்கிட்டேன்னு சொல்றான். பயத்துல அவன் போனை ரீசெட் பண்ணிட்டான், எல்லாம் போச்சு. விஷயம் நடந்த அன்னைக்கே உங்களுக்கு மெசேஜ் பண்ணினேன்னு சொல்றான். உங்க போன்லதான் அது இருக்கணும். நாளைக்குக் காலையில போனை எடுத்துக்கிட்டு வாங்க. பாஸ்கோடும் வேணும்."

"அந்த மெசேஜ் மட்டும் காட்டினா போதுமா தம்பி?"

"வாங்க, பேசிக்கலாம். ஒண்ணையும் அழிச்சிடாதீங்க ஆண்டி. நடுவுல எதையாவது அழிச்சிருந்தா, மிச்சத்தையும் நம்ப முடியாதுன்னு ஆயிரும். அவனுக்குத்தான் நஷ்டம். அப்புறம், இதை யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

போனை வைத்ததும் அந்தச் செய்தியைத் தேடி எடுத்தாள். நாலு மாதத்துக்கு முந்தையது. "ஆண்டி, ஆன்லைன் ஜாப்னு சொல்லி பேங்க் டீடெயில்ஸ் கேட்டாங்க, குடுத்துட்டேன். இப்ப பேங்க்லேர்ந்து கேட்டா எதுவும் சொல்லாதேன்னு அந்த ஜாப் ஆளுங்க சொல்றாங்க. சம்திங் நாட் ரைட் லா. பயமா இருக்கு. மம்மிக்குச் சொல்லாதீங்க. மாதாவுக்கு மட்டும்." அதன் கீழே அவளுடைய 'செபிக்கிறேன்'. அதன் கீழே கூப்பிய கை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஃபாதரைப் பார்க்கப் போனாள். ஃபாதர் இயேசுதாசன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவசங்கீர்த்தனத்துல சொன்னதை என்கிட்டேர்ந்து யாரும் வாங்க முடியாது உர்சுலா. அது குருவானவரோட ரகசிய முத்திரை. உங்ககிட்ட வந்தது பாவசங்கீர்த்தனம் இல்லையே. சட்டப்படி கேக்கறாங்க, குடுத்துத்தான் ஆகணும்."

"என்னை நம்பித்தானே ஃபாதர் அனுப்பினாங்க? நம்பர் குடுத்ததும் நீங்கதானே?"

"குடுத்தேன்," என்றார் ஃபாதர். துடைத்த கண்ணாடியையே இன்னொரு தடவை துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "போன வருஷம் நான் ஒண்ணு அனுப்பினேனே... அதுவும் இருக்கா?" என்று கேட்டார்.

அது இருந்தது. பலித்திருந்தால்தான் அழித்திருப்பாளே. அவள் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள், அன்றைய மெழுகுதிரியை ஏற்றுவதற்கு முன்னால் அந்தக் காரியத்தைச் செய்தாள். வேறு யாராக இருந்தாலும் செய்திருக்கமாட்டார்கள். எல்லாருக்கும் கடன்பட்டவள் மாதிரிக் கோயில் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் 'பிரைஸ் தி லார்ட்' சொல்லிப் பழகிய ஒரு ஜென்மத்தால்தான் அதைச் செய்ய முடியும். அடுத்தவர் பொருளைக் கொடுப்பதென்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமல்லவா? யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றுதானே அந்தத் தம்பி சொன்னார், அனுமதி கேட்கக் கூடாது என்று சொல்லவில்லையே? இப்படியெல்லாம் தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டு, ஒரு செய்தியை எழுதி, மன்றாட்டு அனுப்பியிருந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று விடாமல் அனுப்பினாள்.

"இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நாளைக்குப் போலீஸ் ஒரு கேஸ் விஷயமாக என் போனைப் பார்க்கிறார்கள். உங்கள் மன்றாட்டும் அதில் இருக்கிறது. உங்கள் அனுமதி வேண்டும். பயப்பட வேண்டாம். உர்சுலா."

பயப்பட வேண்டாம் என்று எழுதியதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

அந்தப் போன் வாங்கிய நாளிலிருந்து அத்தனை முறை அடித்ததில்லை. அழிச்சிடுங்க ஆண்டி. ப்ளீஸ் டிலீட், நவ். என் வீட்டுக்காரர் போலீஸ்ல இருக்கார், அவர் பார்த்தா என் கதி என்ன? மாதாவுக்கு மட்டும்னு சொன்னேனே, நீங்க எதுக்கு வச்சுக்கிட்டிருந்தீங்க? இந்தக் கடைசிக் கேள்வி மட்டும் பல பேரிடமிருந்து பல விதமாக வந்தது. எதற்கு வைத்துக்கொண்டிருந்தாள்? பலிக்கவில்லை, அதனால் வைத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது? இன்னும் உங்களுக்காகத் தினமும் வாசிக்கிறேன் என்று சொன்னால் நம்புவார்களா? மாமியார் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டவள், அந்த மாமியார் செத்தே வருடமாகிறது என்று அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். எந்தக் கேஸ், யார் கேஸ் என்று ஆளாளுக்குக் கிளறினார்கள். உர்சுலா பெயர் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலேயே, டெரன்ஸை ஸ்டேஷன் வாசலில் பார்த்திருந்த யாரோ ஒருவர் வழியாக அவன்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

அடுத்து மிரண்டா கூப்பிட்டாள்.

"ஊருக்கே தண்டோரா போட்டுட்டீங்களே அக்கா! இந்த விஷயம் எங்க வீட்டு நாலு சுவத்துக்குள்ள இருந்துச்சு."

"நான் அவன் பேரைச் சொல்லல மிரண்டா..."

"சொல்லணுமா? க்வாயர் குரூப்புல இப்ப அதுதான் பேச்சு." மிரண்டாவின் குரல் உடைந்தது. "அது போகட்டும். நாலு மாசத்துக்கு முன்னாடியே என் பிள்ளை உங்களுக்குச் சொல்லியிருக்கான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என் பக்கத்துலதான் உக்காருறீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொல்ல வேணாம்னு சொன்னான். நான் வாக்குக் குடுத்திருந்தேன்."

"நல்ல வாக்கு! போலீஸுக்கு எல்லாத்தையும் குடுக்கலாம், பெத்தவகிட்ட சொல்லக் கூடாதா?" என்றாள் மிரண்டா. பிறகு கெஞ்சும் குரலில், "யாரு என்ன சொன்னாலும் அழிச்சிடாதீங்க அக்கா. அவனுக்கு அது ஒண்ணுதான் இருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உர்சுலா மெழுகுதிரியை ஏற்றினாள். அன்று புது மன்றாட்டு எதுவும் இல்லை. பழையவற்றை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள், அனுப்பியவர்களெல்லாம் அழிக்கச் சொன்ன அதே மன்றாட்டுகளை. பாதியில் நிறுத்தினாள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அந்தக் குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டால் போதும். அத்தனை பேரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். டெரன்ஸ் மட்டும் தூங்கமாட்டான்.

விரலை எடுத்துக்கொண்டாள். டெரன்ஸை நினைத்துத்தான் எடுத்தேன் என்று மாதாவிடம் சொன்னாள். அது பாதி உண்மைதான். இவற்றையும் அழித்துவிட்டால் தன்னிடம் என்ன இருக்கிறது என்ற பயம் மிச்சப் பாதி. ஒருவருக்கும் வேண்டாத பழைய வேண்டுதல்களானாலும், அவைதான் அவளுக்கு வீட்டு மனுஷர்கள்.

கடைசியாக, மேலே இருக்கும் தன்னுடைய செய்தியில் கண் நின்றது. இதை ஒன்றை மட்டும் அழித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? டெரன்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தத் தம்பி இதை வாசிப்பதை நினைத்தபோது காது மடல் சுட்டது. ஐம்பத்தேழு வயதுப் பொம்பளை இப்படியா எழுதி வைப்பாள் என்று சிரிக்கமாட்டாரா? ஆனால் கெஞ்சினவர்கள் யாருக்கும் அழிக்காமல், தனக்கு மட்டும் அழித்துக்கொள்வது என்ன நியாயம்? அதையும் அப்படியே விட்டாள்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் அஃப்னான் அவளை ஒரு சின்ன அறைக்கு அழைத்துப் போனார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. உர்சுலா போனை மேசைமேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"டெரன்ஸோடதை மட்டும் நான் காட்டுறேன் தம்பி. போன் என் கையிலேயே இருக்கட்டும். மத்தது மத்தவங்களோடது."

"அப்படி முடியாது ஆண்டி. முழு போனையும் காப்பி எடுக்கணும். அப்பதான் அந்த மெசேஜ் உண்மையா அன்னைக்கு வந்ததான்னு கோர்ட்டுல சொல்ல முடியும். கேஸுக்கு வேண்டியதை மட்டும்தான் பார்ப்போம்."

"எது வேணும், எது வேண்டாம்னு பார்த்தாத்தானே தெரியும்?"

அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். "ஆமா," என்றார். "பார்த்தாத்தான் தெரியும்."

"நான் பாஸ்கோடு சொல்லாட்டி?"

"அது தப்பாயிரும் ஆண்டி. அந்த மாதிரியெல்லாம் உங்களுக்கு வேணாம்." கொஞ்சம் பொறுத்து, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "போன பணம் யாரோடது தெரியுமா? வசந்தகுமாரின்னு ஒரு அம்மா. தனியா இருக்காங்க. போன்ல ஒருத்தன் தினமும் அன்பா பேசியிருக்கான், நம்பி எல்லாத்தையும் அனுப்பிட்டாங்க. அவங்களுக்கும் யாராவது பதில் சொல்லணும் இல்லையா?"

தினமும் அன்பாகப் பேசியிருக்கிறான். உர்சுலாவுக்கு அந்த அம்மா எப்படி ஏமாந்தார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முன்பின் பார்க்காத அந்த வசந்தகுமாரியின்மேல் அவளுக்கு இரக்கம் வந்தது, கூடவே கொஞ்சம் பொறாமையும் வந்தது. தினமும் ஒருவன் பேசியிருக்கிறானே! அந்தப் பொறாமையைக் கண்டு அவளே கூசிப்போனாள். போன்மேல் இருந்த கையை எடுத்தாள்.

ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டே வந்து நிமிர்ந்தார்.

"ஆறு அஞ்சுல ஆரம்பிக்குது. புக்கிட் பாத்தோக் போஸ்டல் கோடா ஆண்டி? நீங்க புக்கிட் பாஞ்சாங்னுல்ல சொன்னீங்க?"

"முன்னாடி அங்க இருந்தோம். அம்மா இருந்தப்ப."

அவர் எண்ணை அழுத்தினார். திரை திறந்தது. வாட்ஸப்பைத் தொட்டார். முதலில் நிற்பது எது என்று உர்சுலாவுக்குத் தெரியும். அவள் சுவரைப் பார்த்தாள். சுவரில் மோசடி பற்றிய அதே எச்சரிக்கை ஒட்டியிருந்தது. அதை முழுவதும் வாசித்து முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு அவர் டெரன்ஸின் பெயரைத் தட்டுவது கேட்டது.

"இருக்கு ஆண்டி," என்றார். "தேதியும் சரியா இருக்கு." அவர் குரல் முன்பைவிடத் தணிந்திருந்தது. அது டெரன்ஸுக்காகவா, வேறு எதற்காகவா என்று அவளுக்குத் தெரியவில்லை.

போனை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். உர்சுலா தேக்கா கடைத்தெருவில் ஒரு மலிவான போன் வாங்கி, அதே நம்பரைப் போட்டாள். தினமும் அதை மாதாவுக்கு முன்னால் வைத்தாள். அது படு சாதுவான போனாக இருந்தது. ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

கோயிலில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பூசைக்கு வந்தால் தலையசைத்தார்கள், சமாதானம் சொல்லும் நேரத்தில் கையைக் கூப்பினார்கள், முடிந்ததும் அவள் நிற்கும் வாசலை விட்டு அடுத்த வாசல் வழியாகப் போனார்கள். ஃபாதர் மன்றாட்டுப் பெட்டிக்கு வார்னிஷ் அடித்து, புதுப் பூட்டு வாங்கிப் போட்டார். அறிவிப்பில் அவள் பெயரைச் சொல்லாமல், "இனிமேல் பெட்டியையே பயன்படுத்துவோம்," என்றார். பாடும்போது மட்டும் மாடிக்குப் போய்வந்த மிரண்டா, இப்போது பூசை முழுவதும் பாடகர் குழுவோடு அங்கேயே உட்கார ஆரம்பித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உர்சுலாவுக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. அவள் அங்கே தன் குடையை வைத்துக்கொண்டாள்.

டெரன்ஸை ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள் என்பதைக்கூட இரண்டு பேர் பேசிக்கொண்டு போனபோது காதில் விழுந்துதான் தெரிந்துகொண்டாள். அன்று பூசை முழுவதும் அவள் மனம் குளிர்ந்திருந்தது. மிரண்டா மாடிப்படியில் இறங்கி வரும்போது ஒரு கணம் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் ஆட்கள் வந்ததால் அப்படியே நகர்ந்து போய்விட்டாள்.

போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து அழைத்தபோது, இந்தத் தடவை அவள் பாதியில் வைக்கவில்லை. வேலைக்கு நடுவில், மதிய நேரத்தில் ஓடினாள். அஃப்னானே வெளியே வந்து, உறையைப் பிரித்துப் போனைக் கொடுத்தார். ஓரிடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"நீங்க குடுக்காம இருந்திருந்தா அந்தப் பையனுக்கு ரொம்பக் கஷ்டமா போயிருக்கும் ஆண்டி. பாஸ்கோடை மட்டும் மாத்திக்குங்க. எங்களுக்கெல்லாம் தெரிஞ்சது இனி வேணாம்."

"சரி தம்பி."

அவள் திரும்பினாள். கண்ணாடிக் கதவுவரை போயிருப்பாள்.

"ஆண்டி," என்று கூப்பிட்டார். "சாப்டீங்களா?"

உர்சுலா அப்படியே நின்றாள்.

சாப்பாட்டு நேரம்தான். தமிழ் பேசுகிற யாரும், வயதில் மூத்த யாரைப் பார்த்தும் கேட்கிற கேள்விதான். சும்மா கேட்டிருக்கலாம். அல்லது, சுவரில் அந்த எச்சரிக்கையை அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் இன்னொன்றை வாசித்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம். அந்த நல்ல முகத்திலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. என் போனைத் திறந்து எல்லாவற்றையும் பார்க்க உனக்கு வழியிருக்கிறது, உன் மனசைத் திறந்து பார்க்க எனக்கு என்ன வழி தம்பி? இந்த மூன்று வருடமும் இந்தக் கேள்விக்கு அவள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள். "இன்னும் இல்ல, நீங்க?" என்பதுதான் அந்தப் பதில். அப்படிச் சொன்னால் பேச்சு இன்னும் கொஞ்சம் நீளும், கேட்டவர் சட்டென்று போய்விடமாட்டார் என்று கணக்குப் போட்டு வைத்திருந்த பதில்.

"ஆச்சு தம்பி," என்றாள். வெளியே வந்து வெயிலில் நடந்தாள். வயிறு காலியாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பழைய போனைச் சார்ஜில் போட்டு உயிர்கொடுத்தாள். முதல் வேலையாகப் பாஸ்கோடை மாற்ற உட்கார்ந்தாள். போன் ஆறு இலக்கத்தில் புது எண் கேட்டது. யோசித்தாள். பிறந்தநாள் போடலாம் என்றால், அதைத் தன்னைத் தவிர யாரும் நினைப்பதில்லை. கல்யாண நாள் இல்லை, பிள்ளை பிறந்த நாள் இல்லை. இப்போதிருக்கும் வீட்டின் போஸ்டல் கோடைப் போடலாம் என்று தொடங்கி, நாலாவது எண்ணில் நிறுத்தினாள். இங்கே வந்து இவ்வளவு வருடமாகியும் அதை முழுசாகச் சொல்ல, கதவில் ஒட்டிய தாளைப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் பழைய எண்ணையே விட்டுவிட்டாள். யாருக்குத் தெரிந்தால் என்ன? அவளுக்கு வீடு என்றால் அது ஒன்றுதான்.

மெழுகுதிரி ஏற்றினாள். டெரன்ஸின் மன்றாட்டு பலித்துவிட்டது. அவன் நன்றி என்று எழுதவில்லை, எழுதவும் மாட்டான். அவளே மாதாவுக்கு நன்றி சொல்லி, வழக்கப்படி அதை அழித்தாள்.

மிச்சமிருந்தவற்றை வாசித்தாள். அனுப்பியவர்களில் பாதிப்பேர் தங்கள் படத்தை அவளிடமிருந்து மறைத்துவிட்டிருந்தார்கள். சாம்பல் நிற வட்டங்களாக ஒருவர்கீழ் ஒருவர் நின்றார்கள். பரவாயில்லை என்று ஒவ்வொரு வட்டத்துக்காகவும் வாசித்தாள். அந்த இன்னொருத்தியை மறக்கும் புத்தி. மகளுக்குக் கரு. ஃபாதருடைய அந்த ஒரு வரி. மாமியாருடையதை மட்டும் அழித்துவிட்டு, அந்த அம்மாவின் ஆத்துமத்துக்காக ஒரு செபம் சொன்னாள்.

கடைசியில் தன்னுடையதற்கு வந்தாள். யாராவது ஒருத்தர் என்னைப் பார்த்து, சாப்டியா உர்சுலான்னு கேக்கணும். சும்மா கேக்கணும்.

கேட்டாகிவிட்டதே. இதையும் அழிக்க வேண்டியதுதானே முறை? விரலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். படித்துவிட்டுக் கேட்டிருந்தால் அது பலித்ததாகாது. படிக்காமல் கேட்டிருந்தால், மாதா கொண்டுவந்து கையில் கொடுத்ததை 'ஆச்சு' என்று சொல்லித் தானே தட்டிவிட்டதாக ஆகும். இரண்டில் எது என்று ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேட்கவா முடியும்? இனி யார் கேட்டாலும், எந்தக் காலத்தில் கேட்டாலும், இந்தச் சந்தேகமும் கூடவே வந்து உட்காரும். போனிலிருந்து எடுத்த காப்பியைத் திருப்பித் தந்துவிடலாம். சந்தேகமில்லாத அந்தக் காத்திருப்பை யாராலும் திருப்பித் தர முடியாது. அவளுக்கு அழுகை வந்தது. யாரும் இல்லாத வீடு என்பதால் சத்தமாகவே அழுதாள்.

அழுது முடித்து, மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டு, சமையலறைக்குப் போய் ஒரு குவளை அரிசியைக் களைந்தாள். குழாயை நிறுத்தியதும் வீடு மொத்தமும் நிசப்தமானது. அந்த நிசப்தத்தில், எதிரே ஆள் நிற்பதுபோல முகத்தை நிமிர்த்தி, மெதுவாகச் சொன்னாள்.

"இன்னும் இல்ல. நீங்க?"